சீர் வண்டிக்குத் தள்ளுபடி

என் கல்யாணத்துக்கு ஒரு லாரி கேட்டார்கள்.

லாரி என்றதும் பத்துச் சக்கரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு சக்கரம்தான். முன்னால் இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரலாம். பின்னால் முக்கால் டன் என்று சொல்லி ஒன்றரை டன் ஏற்றுவார்கள். குட்டி யானை என்று ஊரே செல்லமாகக் கூப்பிட்ட வண்டி. 2009ஆம் வருஷம் கடலூர், சிதம்பரம் சாலைகளில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களுக்கு பைக் கேட்டார்கள், பீரோ கட்டில் கேட்டார்கள். "உன் ரேட்டு ஏறிப்போச்சுடீ, லோடு வண்டி வரைக்கும் போயிட்டியே" என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர்கள் கிண்டல் செய்தார்கள். ரேட்டு எனக்கில்லை, மாப்பிள்ளைக்குத்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். சிதம்பரம் கடலூர் தடத்திலேயே அவருடைய பாதி ஆயுள் போனது. ஐம்பது காசு சில்லறை பாக்கி என்றாலும் அந்த ஆள் இறங்குவதற்குள் தேடிப் பிடித்துக் கையில் வைத்துவிடுவார். அந்தத் தடத்தில் காய்கறிக் கூடைக்காரிகள்கூட அவரிடம் சீட்டுக் கேட்கும்போது மரியாதையாகக் கேட்பார்கள். வீட்டில் அம்மா, அண்ணி. அண்ணனுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுவான்.

மாப்பிள்ளை வீடு கடலூருக்குத் தெற்கே, செம்மங்குப்பம் பக்கம். அங்கே இருக்கிற தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு பேரல் ஏற்றி இறக்கும் வண்டியை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி வேறு ஒருவருடையது. சொந்த வண்டி இருந்தால் காசு கையில் நிற்கும் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. அது நியாயமான ஆசைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்து, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறதுன்னா போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். போங்க என்று மரியாதையாகச் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. அவரைப் பிடித்துவிட்டது. அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரையும்விட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். அம்மாவுக்குக் கவலை மட்டும்தான் இருந்தது, எனக்கு ஆசை இருந்தது.

பேசி முடித்தது இதுதான். பதினைந்து பவுன் நகை, பாத்திர பண்டம், ஒரு புது வண்டி. கல்யாணத்தன்று காலையில் வண்டி மாலை போட்டு மண்டப வாசலில் நிற்க வேண்டும்.

வண்டி எடுக்கிற இடத்துக்குப் பெண் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அப்பாதான் என்னைக் கூப்பிட்டார். "எம் பொண்ணு கணக்கு டீச்சரு, அவ பாத்தா ஒரு ரூபா தப்பாது" என்று அவருக்கு ஒரு பெருமை. கடலூரில் பாண்டிச்சேரி ரோட்டில் ஷோரூம். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "ஓ, பாப்பாவும் வந்துடுச்சா" என்று சொல்லிவிட்டு முகத்தை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தைத் தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதைப் பழமொழியில்தான் கேட்டிருந்தேன். அன்று நேரில் பார்த்தேன்.

மாப்பிள்ளை ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டை கட்டிய ஒருவர் எங்களை மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"சார், வண்டி ரெண்டு நாப்பது வருது. இந்த மாசம் ரெண்டு ஸ்கீம் போவுது. ஒண்ணு, முழுப் பணமும் கட்டிட்டீங்கன்னா இருவதாயிரம் தள்ளுபடி. இன்னொண்ணு, எம்பதாயிரம் மட்டும் இப்ப கட்டுங்க. மிச்சத்த மாசம் எட்டாயிரம்னு இருவது மாசத்துக்குக் கட்டுனா போதும். வட்டின்னு ஒத்த ரூபா கெடையாது. ஆனா அதுக்குத் தள்ளுபடி வராது. ரெண்டுல எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் பி.எப். கடன் போட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் பேங்கில் இருந்தது. அதில்தான் வண்டி, மண்டபம், சாப்பாடு எல்லாம். நகையை அம்மா வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். நான் விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டேன்.

"வட்டி இல்லன்றது சும்மாப்பா" என்றேன். "அந்த இருவதாயிரந்தான் வட்டி. வெலையிலயே ஒளிச்சி வச்சிருக்காங்க. மாசம் நூத்துக்கு ஒண்ணேகால் ரூபாய்க்கு மேல வருது."

டை கட்டியவர் சிரித்தபடி, "அப்பிடிலாம் இல்ல மேடம்" என்றார்.

"அப்ப தள்ளுபடியே எடுத்துக்கலாமா?" என்றார் அப்பா.

"எடுத்துட்டு மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் இன்னா பண்ணுவீங்க? வெளிய மூணு வட்டிக்குத்தான் வாங்கணும். அதுக்கு இந்த ஒண்ணேகால் வட்டி எவ்வளவோ தேவல. தவணையே எடுங்கப்பா. கையில இருக்கற காசுல கல்யாணத்த முடிச்சிடலாம், யாரு கிட்டயும் போயி நிக்க வேணாம்."

அப்பா முகம் தெளிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்திருப்பேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சி முடித்துக் கீழே வைத்தார். "தவணைன்னா கடன் யாரு பேருல?" என்றார்.

வண்டி யார் பெயரில் பதிவாகிறதோ அவர் பெயரில்தான் கடன் வரும், கடன் முடிகிற வரைக்கும் ஆர்.சி. புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கும் என்று டை கட்டியவர் விளக்கினார். தவணைப் பணத்தை யார் கட்டினாலும் சரி என்றார்.

"நான் கட்டிடறங்க சம்பந்தி" என்றார் அப்பா. "மாப்ள கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"அதெப்பிடிங்க? கல்யாணத்தன்னிக்கே எம் புள்ள கடங்காரன் ஆவணுமா? நாள பின்ன ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவான்? மாமனாரு கடன் வண்டிய கட்டி வுட்டாருன்னு பேசுவான்."

"அப்ப எம் பேர்லயே வாங்கிட்டு..."

"சீரு வண்டி உங்க பேர்ல ஓடறதா? நல்லாருக்கே!"

சரி, முழுப் பணமும் கட்டிவிடலாம் என்று அப்பா இறங்கி வந்தார். இரண்டு லட்சத்து இருபதாயிரம். மண்டபச் செலவுக்கு வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். தள்ளுபடியாவது மிஞ்சுகிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மனுஷன் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை, இலையில் கொஞ்சம் ரசம் ஊற்றுங்கள் என்கிற மாதிரி சொன்னார்.

"அப்ப அந்த இருவதாயிரத்த புள்ள கையில குடுத்துடுங்க சம்பந்தி."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "எந்த இருவதாயிரம்?"

"நாம பேசுனது ரெண்டு நாப்பது வண்டி. கொறஞ்ச வெலைக்குக் கெடச்சா மிச்சம் எங்களுதுதான? பேச்சுன்னா பேச்சு."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். கடன் வண்டி என்ற பெயரும் வரக்கூடாது, ரொக்கம் போட்டால் கிடைக்கிற தள்ளுபடியும் தனக்கே வேண்டும். அப்பா கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு வட்டி கட்டி, அந்த வட்டிக்கு மேலே இவருக்கு இருபதாயிரம் எண்ணி வைக்க வேண்டும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்பா மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினார்.

"பாத்து செய்யலாங்க" என்றார் அப்பா.

"இன்னாங்க பாக்கறது? யானையே வாங்கிக் குடுக்கறீங்க, அங்குசத்துக்கா கணக்கு பாக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டை கட்டியவரும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

மாப்பிள்ளை இத்தனை நேரமும் நாலடி தள்ளி வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையை வெளியே நீட்டினார். அவர் ஏதோ சொல்லப் போகிறார், தன் அப்பாவிடம், சும்மா இருங்க என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவர் டை கட்டியவரைப் பார்த்துக் கேட்டார்: "சார், தள்ளுபடிக்கு மேல பாட்டு செட்டும் தார்ப்பாயும் ஃப்ரீயா போட்டுத் தருவீங்களா?"

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவுக்குத் தெரிந்த கண்டக்டர். முன் சீட்டு காலி செய்து கொடுத்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் அப்பா, "இருவதாயிரந்தான, வுட்டுத் தள்ளும்மா. ஒரு நாலு மாசம் ஓ.டி. பாத்தா அடஞ்சிடும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அந்தக் கிழவர் மீதுகூட அவ்வளவு அருவருப்பு இல்லை. அவர் அப்படித்தான் என்று முதல் நாளே முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பாட்டு செட் கேட்டவரைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனாலும் ஆசை லேசில் விடுமா? மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட மாடிப்படியில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தேன். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

"எங்கப்பா மூணு வட்டிக்குக் கடன் வாங்கப் போறாரு, தெரியுமா?" என்றேன்.

"அவுருக்கு இன்னா, கவர்மெண்டு வேல. சமாளிச்சிடுவாரு."

"அதுக்கு வேற வழி இருக்குங்க. அந்தத் தவணத் திட்டத்தையே எடுத்துக்கலாம். முன்பணம் எம்பதாயிரத்த எங்கப்பா கட்டட்டும். மாசா மாசம் எட்டாயிரத்த நாம ரெண்டு பேரும் கட்டலாம். என் சம்பளத்துல பாதி தர்றேன். வண்டி ஓடற காசுல நீங்க பாதி போடுங்க. இருவது மாசந்தான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். அப்பறம் அது முழுசா நம்ம வண்டி."

நம்ம வண்டி என்று சொன்னபோது எனக்கே குரல் கொஞ்சம் குழைந்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் குழைவுதான் எனக்குக் கூசுகிறது.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை ஏதோ உளறினால் சிரிப்போமே, அப்படி. "நீ டீச்சரு, உனக்கு நான் சொல்லணுமா? கல்யாணத்துக்கு வர்ற வண்டிக்கு நானே தவண கட்டுனா அப்பறம் அது இன்னா சீரு?"

போங்க என்றிருந்தவர் நீ என்று வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"அந்த இருவதாயிரமும் எங்க போவுது?" என்று அவர் தொடர்ந்தார். "நம்ம வூட்டுக்குத்தான வருது. உங்கப்பா காசுன்னு ஏன் பாக்கற? நாள பின்ன டயர் மாத்த ஆவும், இன்சூரன்ஸ் கட்ட ஆவும். எனக்கா கேக்கறேன்? நமக்குத்தான?" பேச்சில் வெல்லம் தடவியிருந்தது. மணி அடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏழாம் வகுப்புக்குப் போய் லாப நட்டக் கணக்கு நடத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன், இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நிச்சயம் முறிந்த பெண்ணை இனி யார் கேட்டு வருவார்கள், வயது என்ன குறைந்துகொண்டா போகிறது என்று ஆரம்பித்துவிட்டாள். அண்ணி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேணாமாப்பா?" என்றேன். "பொண்ணப் பெத்தவன் கடன் வாங்கித் தர்றான், அதுல கடக்காரன் கொறச்சிக் குடுத்தா அதக்கூட புடுங்கணுமா? பிச்சக்காரன்கூட தட்டுல வுழுந்தத எடுத்துட்டுப் போயிடுவான், நம்ம பாக்கெட்டுல கைய வுட மாட்டான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேட்டாரு அந்த ஆளு?"

"எங்கப்பா கிட்டயும் மாமா இப்பிடித்தான் கேட்டாரு" என்றாள் அண்ணி.

தலையை நிமிர்த்தவில்லை. கத்தி நிற்கவில்லை. அவள் யாரைச் சொல்கிறாள் என்றே முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு மாமா என்றால் என் அப்பாதான்.

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"உங்க அண்ணனுக்குப் பைக்கு வாங்குனப்ப. திட்டக்குடியில எடுத்தாங்க, ஆடித் தள்ளுபடின்னு நாலாயிரம் கொறச்சாங்க. முழு வெலைக்குத்தான் பேசுனோம், மிச்சத்த பையன் கையில குடுத்துடுங்கன்னு மாமா சொன்னாரு. எங்கப்பா கரும்பு வெட்டுன காசு வரட்டும்னு ரெண்டு மாசம் டைம் கேட்டு, அப்பறம் கொண்டாந்து குடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா?" கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்றுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அண்ணியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய ஏதாவது கொண்டுவருவார், நாற்காலி போட்டால் நுனியில் உட்காருவார். நான் காபி கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்து, "நல்லா படிம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பாவைப் பார்த்தேன். இல்லையென்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் தலையையாவது குனிவார் என்று நினைத்தேன். அவர் விசிறிக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அது வேற, இது வேறம்மா" என்றார்.

"இன்னா வேற?"

"அப்ப நாம பையன் வூடு."

கடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாரே, அதே குரல். எந்தக் கூச்சமும் இல்லை. ஷோரூமில் ஏன் வாய் திறக்காமல் என் கையை அழுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பயந்து அடங்கிப் போகவில்லை. எதிரில் இருந்தவர் கேட்டது அவருக்கு நியாயமாகவே பட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் நானே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்து கல்யாணம் வேண்டாம் என்றேன். "பெரியவங்கள பேசச் சொல்லு பாப்பா" என்றார். பெரியவர்கள் பேசுகிறதைத்தான் ஷோரூமில் பார்த்தேனே என்று சொல்லிவிட்டு வைத்தேன். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் எடுத்த புடவைக்கும் வேன் வாடகைக்கும் கணக்குப் போட்டு ஆள் அனுப்பினார்கள். அப்பா கொடுத்து அனுப்பினார். அடுத்த தையிலேயே மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, வாசலில் வண்டியும் நின்றதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் இருபதாயிரம் என்ன ஆயிற்றோ.

அப்பா என்னோடு பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள், மனசை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"வண்டிக் காசு அப்பிடியேதான இருக்கு. அண்ணி அப்பாவுக்கு அந்த நாலாயிரத்தத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பணத்தைப் பற்றி யோசிக்கவில்லை, அது தெரிந்தது. அந்தப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட அவரால் முடியும்.

"இப்பப் போயி குடுத்தா நாம தப்பு பண்ணுன மாதிரி ஆயிடாதா?" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணி, "மாமா, சாப்பாடு ஆயிடுச்சு, வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். அவர் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நிற்கச் சகிக்கவில்லை. கடலூர் வீட்டை வேண்டாம் என்று ஒரே போனில் சொல்லிவிட்டேன். இந்த வீட்டை வேண்டாம் என்று நான் யாருக்குப் போன் செய்து சொல்வது?